முயலுக்கு எதற்கு டானிக்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

மென்மயிர் விலங்கு வளர்ப்பு என்றதும், அது குளிர்நாட்டுச் சமாசாரம், உத்திரமேரூருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றே பலருக்கும் தோன்றும். மிங்க் என்ற விலங்கை நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். மிங்க், நரி ஆகியவற்றின் தோலை இறக்குமதி செய்வதைக்கூட 2017இல் இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஆனால் முயல் அப்படியல்ல. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் ஆராய்ச்சி நிலையங்களில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் இன்று சமவெளிக் கீற்றுக் கொட்டகைகளுக்கும் வந்துவிட்டன. சின்சில்லா தோலுக்கும் கறிக்குமாகச் சேர்த்தே உருவாக்கப்பட்ட இனம். தோலை இங்கே கேட்பாரில்லை, கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள்.

என் சித்தப்பாவும் வளர்த்தார். குட்டிகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி, சித்தியின் நகையை அடகு வைத்துக் கூண்டு போட்டார். ஆறு மாதத்தில் ஈனும் குட்டிகள் செத்துப் பிறக்கத் தொடங்கின. மருந்து விற்க வந்தவர், "வைட்டமின் குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, சிவப்புத் திரவம் அடைத்த பாட்டில்களைத் தந்துவிட்டுப் போனார். அது தண்ணீரில் கலக்கப்பட்டது. குட்டிகள் பிழைக்கவில்லை. நகையும் மீளவில்லை. உண்மையில் என்ன குறை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஏனெனில், வைட்டமின் ஏ குறைந்தாலும் முயலுக்குக் கரு தங்காது, குட்டி சாகும், தலையில் நீர் கோத்த குட்டி பிறக்கும். அதே வைட்டமின் ஏ மிகுந்தாலும் அதே கோளாறுகள்தாம் வரும்! வெளிப்பார்வைக்கு இரண்டையும் வேறு பிரித்தறிய முடியாது. குறை என்று எண்ணி ஊற்றும் டானிக், மிகுதியை மேலும் மிகுதியாக்கலாம். நீரில் கரையும் பி வகைகள் போலன்றி, ஏ, டி முதலியவை உடலிலேயே தங்கிவிடுபவை. இது நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது; அதைப் படித்துத் தேர்வு எழுதியும் விட்டோம். அந்த வரிக்கும் சித்தப்பாவின் கொட்டகைக்கும் நடுவே ஒரு வழி போடப்படவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இந்த அறிவு உலகுக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 1932இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரது பண்ணையில் நரிகள் கால் இழுத்து, துடித்துச் செத்தன. கிருமி எதுவும் இல்லை. தீவனத்தில் பச்சையாகக் கலந்த கெண்டை மீன்தான் காரணம். அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடுகிறது. மீனை வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். அந்நோய்க்கு 'சாஸ்டெக் வாதம்' என்றே பெயர் நின்றுவிட்டது. மிங்க்குகளுக்குச் சிலவகைக் கடல்மீனைப் பச்சையாகக் கொடுத்தபோது, மீனிலுள்ள பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுத்தது; அடிமயிர் பஞ்சுபோல் வெளுத்தது. தோலுக்கு விலை போய்விடும் என்ற பயத்தில்தான் பண்ணையாளர்கள் விஞ்ஞானிகளைத் தேடி ஓடினார்கள். (அத்தொழிலின் மேல் எனக்கு மதிப்பு இல்லை. 2020இல் கொரோனா பரவலின்போது டென்மார்க்கில் ஒன்றரைக் கோடி மிங்க்குகளுக்கு மேல் கொன்றார்கள். ஆனாலும் கண்டறிந்த உண்மை உண்மைதானே.)

பி1 கதை நமக்கு அந்நியமானதும் அல்ல. ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் போவதையும், தவிடு சேர்த்தால் தேறுவதையும் 1890களில் கண்டார். அந்தத் தவிட்டை என் அம்மா தினமும் மாட்டுக்குக் கரைத்து வைக்கிறார். பி1 என்ற பெயர் அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனாலும் தவிட்டின் அருமையில் அவர் எனக்கு மூத்தவர். அவருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொன்னேன்: தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு, தவிட்டை மட்டும் நம்பக்கூடாது, அகத்தியும் வேண்டும். "பசுவுக்கு அகத்தி கொடுக்கச் சொன்னது உன் கல்லூரிக்காரர்களா?" என்று கேட்டார்.

முயலின் உடல் இன்னும் விந்தையானது. குடலில் நுண்ணுயிரிகள் பி வைட்டமின்களையும் கே வைட்டமினையும் செய்கின்றன. விடியற்காலையில் வரும் மென்மையான புழுக்கையை முயல் நேரே வாய்வைத்துத் தின்று அவற்றைத் திரும்பப் பெறுகிறது. இதைப் பார்த்து "அசிங்கம் பிடித்த ஜீவன்" என்று விரட்டுவோர் உண்டு. தீவனத்தில் மிகுந்த கால்சியம் சிறுநீரில் போவதால் சிறுநீர் சுண்ணாம்பு நீர்போல் வெளுத்திருக்கும். அதைக் கண்டு நோய் என்று அஞ்சி, மருந்துக் கடைக்கு ஓடுவோரும் உண்டு. வைட்டமின் சி முயலுக்குத் தேவையே இல்லை, அதுவே செய்துகொள்ளும். இவ்வளவு இருக்க, எல்லா வைட்டமின்களும் கலந்த பாட்டில் எதற்கு? வேலிமசாலும் அகத்தியும் நாள்தோறும் பச்சையாகக் கிடைக்கும் முயலுக்கு ஏ வைட்டமின் பஞ்சம் வராது. மூட்டைத் தீவனத்தில்தான் கவனம் வேண்டும். நம் ஊர்க் கோடையில் மாதக்கணக்கில் கிடந்தால் வைட்டமின் ஏ அழிந்துபோகும். இரும்பு, தாமிர உப்புகளோடு ஒரே மூட்டையில் கலந்து கிடந்தால் இன்னும் விரைவாக அழியும். அதே தாமிரம் உடலில் குறைந்தாலோ கறுப்பு மயிர் நரைக்கும். எல்லாம் அளவில் இருக்கிறது.

காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் துறை மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா என்று தொலைதூரம் போவதற்குப் பதில், ஒருநாள் அங்கே போய் வரலாம். அதைவிட முக்கியமாக ஒன்று: ஆய்வகத்துக்குப் பின்னே புதர் மண்டிக் கிடக்கும் இடத்தில் ஆறு முயல் வளர்க்கத் துறைத்தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். மூன்று முயலுக்குப் பச்சைத் தீவனமும், மூன்றுக்குக் கடைத் தீவனமும் கொடுத்து, எடையையும் குட்டிகளையும் மாணவர்கள் ஏட்டில் குறித்து வரட்டும். சனிக்கிழமைகளில் சுற்றுப்புற ஊர்களில் முயல் வளர்ப்போர் வந்து அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். கம்பிக் கூண்டு வாங்கச் செலவு வேண்டியதில்லை. சித்தப்பா வீட்டில் காலியாகத்தான் கிடக்கிறது.