கேட்டால்தான் சொல்வாராம்!

‘காதல் கதைதானே சார்... அதுல போய் என்னத்தைப் பெருசா எதிர்பார்க்கறீங்க?’

ரெபேக்கா யாரோஸ் எழுதிய ‘அயர்ன் ஃப்ளேம்’ நாவலைப் படித்துவிட்டுக் கொஞ்சம் குறைபட்டுக்கொண்டேன். உடனே நண்பர் இப்படிக் கேட்டார். புத்தகத்துக்கு வக்காலத்து வாங்குவதாக அவருக்கு நினைப்பு. என்னைக் கேட்டால், அந்தப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

முதல் பாகமான ‘ஃபோர்த் விங்’, 2023 மே 2-ல் வந்தது. ரசித்துத்தான் படித்தேன். நவார் என்றொரு நாடு. அங்கே டிராகன் மேல் ஏறிப் போரிடக் கற்றுத் தரும் கல்லூரி. ஏடுகளோடு காலம் தள்ள ஆசைப்பட்ட 20 வயது வயலட்டை, ராணுவ ஜெனரலான அம்மாவே அதில் கொண்டுபோய்த் தள்ளுகிறார். லேசாக அடிபட்டாலே மூட்டு நழுவிவிடும் உடம்பு அவளுக்கு. எழுதியவருக்கும் மூட்டுகளைத் தளர்த்துகிற எலர்ஸ்-டான்லோஸ் என்ற கோளாறு உண்டு. அதனாலோ என்னவோ, வயலட்டின் வலி ஜோடனையாக இல்லை.

அந்தப் பாகத்தின் முடிவில் அரசாங்கத்தின் பொய் உடைகிறது. மண்ணின் சக்தியை உறிஞ்சும் வெனின்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஜனங்களைக் கொன்று குவிக்கிறார்கள். நவார் அரசோ, ‘அதெல்லாம் பாட்டி கதை’ என்று சொல்லி, சரித்திரத்திலிருந்தே அவர்களைத் துடைத்து எடுத்திருக்கிறது.

இரண்டாம் பாகம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. காது கேளாத தோழி ஜெசினியா, காப்பகத்திலிருந்து ரகசியமாகப் புத்தகம் எடுத்துத் தருகிற பகுதிகள் அருமை. டிராகன் கக்கும் நெருப்பைவிட ஒரு பழைய ஏட்டுக்கு அரசாங்கம் அதிகம் பயப்படுகிறது. சபாஷ்!

ஆனால், காதலன் ஸேடன் என்ன செய்கிறார்? கேட்டால்தான் சொல்வாராம்! கேள்வி கேள், பதில் தருகிறேன் என்கிறார். அட, இருப்பதே தெரியாத ரகசியத்தைப் பற்றி ஒருத்தி எப்படிக் கேள்வி கேட்பாள்? பழைய நிச்சயதார்த்தம், வயலட்டின் அம்மாவோடு போட்ட பேரம், ஒளித்துவைத்த இன்னொரு சக்தி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இவள் கோபப்படுகிறாள், சமாதானம் ஆகிறாள், அடுத்த பூதம் கிளம்புகிறது.

அரசாங்கம் மறைத்தால் துரோகம், காதலன் மறைத்தால் சஸ்பென்ஸா? இந்தக் கேள்வியை நாவல் நேராகப் பிடித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். கையில் வைத்துக்கொண்டே, பக்கம் நிரப்பும் சண்டையாக அதைச் சில்லறை மாற்றிவிட்டது.

இந்த இரண்டாம் பாகம் வந்தது 2023 நவம்பர் 7-ல். முதல் பாகம் வந்து 189-வது நாள். 600 பக்கத்துக்கு மேல்! நான் பி.காம். படித்தவன். வியாபாரத்தில் ‘குட்வில்’ என்று ஒன்றைச் சொத்துக் கணக்கில் எழுதுவார்கள். முதல் பாகம் சம்பாதித்துக் கொடுத்த குட்வில்லை எடுத்துச் செலவழித்த கணக்காகத்தான் இது எனக்குப் படுகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று பதிப்பாளருக்கு பயம் போலிருக்கிறது.

அந்த பயம் வீண். மூன்றாம் பாகம் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 14 மாதம் கழித்து, 2025 ஜனவரி 21-ல்தான் வந்தது. யாராவது மறந்துபோனார்களா? முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றன! வாசகர்கள் காத்திருக்கத் தயார். காத்திருக்க விடாமல் விரட்டுவது கடைக்காரர்கள்தான்.

மறுபடி நம்ம நண்பருக்கு வருவோம். துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்றே சொல்லாமல் முடித்தால், ‘துப்பறியும் கதைதானே, விடுங்க’ என்பாரா? காசைத் திருப்பிக் கேட்பார்! காதல் கதை என்றால் மட்டும் ஏன் இந்தப் பெருந்தன்மை? படிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களுக்கு இது போதும் என்கிற இளப்பம்தானே? அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். ராத்திரி கண் முழித்துத்தான் படிக்கிறார்கள்.

காதல் கதையில் காதலாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன். இது பேராசையா, சார்?