மணியும் தேர்வும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, தென்காசி மாவட்டத்தில் அமைந்த ஊர் ராயகிரி. அங்கும், தமிழகத்தின் பிற ஊர்களிற்போலவே, திருமணம் என்றவுடன் கல் இழைத்த தோடும் மூக்குத்தியும் அட்டிகையும் பேச்சில் இடம்பெறும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்கும் சிவப்புக்கல், மாணிக்கமோ கண்ணாடியோ என்று ஆராய்வோர் சிலரே. கண்ணுக்கு இனிதாயிருத்தல் ஒன்றே மணிக்கு இலக்கணம் ஆகாது. தேர்ந்து தெளிந்த பின்னரே மணியை மணியெனக் கொள்ளல் வேண்டும்.

வைரம், வைடூரியம், மாணிக்கம், மரகதம், நீலம், கோமேதகம், புட்பராகம், முத்து, பவளம் என மணிகளை ஒன்பதாகப் பகுத்தனர் முன்னோர். இவற்றுள் முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்களால் உண்டாவன. ஏனைய ஏழும் நிலத்திற் கிடைப்பன. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் வகைகளே. சிறிதளவு குரோமியம் கலந்தால் செந்நிறமும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலநிறமும் அமைகின்றன. பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் முதலியன விலை குறைந்த படிக இனத்தைச் சேர்ந்தவை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், இத்தகைய கற்களாலான மணிகளும், வேலை முற்றுப்பெறாத மணிகளும் கிடைத்துள்ளன. கல்லை அறிந்து தொழில் செய்தோர் இந்நாட்டில் பண்டே வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

கல்லைத் தேர்வதற்கு வழிகள் பல உண்டு. செருமானிய அறிஞர் மோசு என்பார் 1812-இல் கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் வைரம் 10, குருந்தம் 9, படிகம் 7. கண்ணாடியோ 6-க்கும் தாழ்ந்தது. எடையும் ஓர் அளவுகோலாகும். குருந்தம் தன் அளவுள்ள நீரினும் நான்கு மடங்கு எடையுடையது. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ இரண்டரை மடங்கே. ஆயினும், பிரெஞ்சு அறிஞர் வெர்னாயி என்பார் 1902-இல் வெளியிட்ட முறையால் ஆக்கப்படும் செயற்கை மாணிக்கம், கடினத்திலும் எடையிலும் இயற்கை மாணிக்கத்தை ஒத்தது. உருப்பெருக்கியால் நோக்கும்போது உள்ளே காணப்படும் வளைந்த கோடுகளே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின், ஒரு சோதனையோடு அமைதல் போதாது. மணியின் பெயரைச் சொல்லி வாங்குவோர், தேர்ந்த பரிசோதனை நிலையத்தின் சான்றினைக் கேட்டுப் பெறுதல் கடன். கேட்பது விற்பவரை ஐயுறுவதன்று; வாங்குபவர் தம் உழைப்பை மதிப்பதேயாம்.

இத் தேர்வின் அருமையைச் சிலப்பதிகாரம் நன்கு உணர்த்துகின்றது. மதுரை மாநகரைக் காணச் சென்ற கோவலன் அங்கே மணிக்கடை வீதியையும் கண்டான். மணிகளின் வகையும் குற்றமும் குணமும் அறிந்த வணிகர் நிறைந்த வீதி அது. அந்நகரிலேதான் பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, சிலம்பினுள் இருந்த பரல் யாது என்று ஆராயாமலே கோவலனைக் கொல்விக்க ஆணையிட்டான் பாண்டியன். அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்த உண்மை, உயிர் போன பின்னரே வெளிப்பட்டது. கடைவீதியில் நாள்தோறும் நிகழ்ந்த சோதனை, அரண்மனையில் ஒருமுறை நிகழ்ந்திருப்பின் அப் பழி நேர்ந்திராது அன்றோ?

கல் ஒன்றை வாங்குதற்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், ஒருவர்மீது குற்றம் சாற்றுதற்கு முன் எத்துணை ஆராய்ச்சி வேண்டும்! பொய்க்கல்லை வாங்கியவர் இழப்பது பொருளை. ஆராயாது தீர்ப்புரைத்தவர் இழப்பதோ அறத்தை.