பசங்களுக்கு மட்டும் கேட்கும் கொசு

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பாரி என்று ஓர் ஊர். 2005-ல் அங்கே ஒரு கடை வாசலில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். பெட்டியின் பெயர் 'மஸ்கிட்டோ', அதாவது கொசு. வேலையும் கொசு வேலைதான்! கடை வாசலில் கும்பலாக நிற்கும் பசங்களின் காதில் 'ங்ஙொய்ய்' என்று ஓயாமல் கத்தி அவர்களை விரட்டுவது. பெரியவர்களுக்கு ஒன்றுமே கேட்காது. சாமான் வாங்கிக்கொண்டு ஹாயாகப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எப்படி? மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த 20,000 எல்லாம் சின்ன வயதில்தான். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில், மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. மிகக் கீச்சென்ற ஒலிகளைப் பிடிப்பவை அதன் வாசலிலேயே இருக்கின்றன. வயதாக ஆக முதலில் பழுதாவதும் அவைதான். போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. இந்தப் பெட்டி கத்துவது சுமார் 17,000 ஹெர்ட்ஸில். இருபத்தைந்தைத் தாண்டிய பலருக்கு அது எட்டாது.

இதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் ஸ்டேபிள்டனுக்கு 2006-ல் இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் விஷயங்களுக்குத் தரும் பரிசு அது. சிரிப்புக்கும் பஞ்சமில்லை. அதே ஒலியைப் பசங்கள் செல்போன் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் மெசேஜ் வந்தால் வாத்தியாருக்குக் கேட்காதே!

சரி, சிரித்தாயிற்று. இப்போது யோசிக்கலாம்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாசலில் ரகளை நடந்தால் வியாபாரம் படுக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு ரகளை செய்கிறவன் யார், பால் பாக்கெட் வாங்க வந்தவன் யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வயது மட்டும்தான். 'இந்த வயதுக்காரர்கள் எல்லோரும் ரவுடிகள்' என்று போர்டு மாட்டினால் ஊரே சண்டைக்கு வரும். அதையே சத்தத்தில் சொன்னால் பெரியவர்களுக்குக் கேட்பதில்லை, அதனால் உறுத்துவதுமில்லை.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. அந்தக் கடைக்குக் கைக்குழந்தையோடு ஓர் அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்குச் சத்தம் கேட்கும். அது வீறிட்டு அழும். அம்மாவுக்கோ ஒன்றும் கேட்காது. பசியா, வயிற்று வலியா என்று தவிப்பார். பதினைந்து வயதுப் பையனாவது எழுந்து ஓடிவிடலாம். தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தை எங்கே ஓடும்?

பொருளாதார வகுப்பில் புகை கக்கும் தொழிற்சாலையை உதாரணம் காட்டுவார்கள்: லாபம் முதலாளிக்கு, இருமல் ஊராருக்கு. இந்தப் பெட்டியும் அதே கணக்குதான். புகையாவது முதலாளியின் கண்ணுக்குத் தெரியும். 2010-ல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை இதைப் பொது இடங்களில் தடை செய்யச் சொன்னது சரியான முடிவு.

2005-ல் அந்த வாசலில் நின்ற பசங்களுக்கு இன்று முப்பது தாண்டியிருக்கும். இப்போது அதே பெட்டி கத்தினால் அவர்களில் பலருக்குக் கேட்காது. கையைப் பிடித்துக்கொண்டு வரும் அவர்கள் பிள்ளைக்குக் கேட்கும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால், 'ஒன்றுமில்லையே, சும்மா வா' என்று இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும்.