பண்ணைப்புரத்துல ஒரு பங்க் பேண்டு

"நம்ம ஊருக்கெல்லாம் ராக்கு, பங்க்கு எல்லாம் செட் ஆகாது மாப்ள. அதுக்கெல்லாம் ஒரு கல்ச்சர் வேணும்."

போன வாரம் காலேஜ் கேண்டீன்ல இந்த அருள்வாக்கைச் சொன்னவன் போட்டிருந்தது ரமோன்ஸ் டி-ஷர்ட். சரி, ரமோன்ஸ் பாட்டு ஒண்ணு சொல்லுடான்னு கேட்டேன். முழிச்சான். அது ஏதோ துணி பிராண்டுன்னு நெனச்சு வாங்கியிருக்கான். (பேர் சொல்ல மாட்டேன், படிச்சா அவனுக்கே தெரியும்.)

அவனைக் கலாய்க்கிறதுக்காக மட்டும் இதை எழுதலை. அதுக்கு முந்தின வாரம் நடந்த கூத்துதான் இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு. ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல எங்க கூட்டாளிக மூணு பேர் மேடை ஏறினாங்க. ஒரு கிடார், ஒரு பறை, பாடுறதுக்கு ஒருத்தன். சொந்தப் பாட்டு. கருக்கல்ல ஜீப்புல அடைச்சுக்கிட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போற பொம்பளைங்களைப் பத்தின பாட்டு. ரெண்டாவது சரணம் வரும்போது மைக் ஆஃப். ஒயர் போச்சுன்னுதான் மொதல்ல நெனச்சோம். அப்புறம் ஒருத்தர் வந்து சொன்னார்: "தம்பி, மெல்லிசைப் போட்டில அரசியல் பாட்டு கூடாது. கலை வேற, அரசியல் வேற."

எங்க அம்மா பதினஞ்சு வருஷமா அந்த ஜீப்புல போய்க்கிட்டிருக்கு. காமயகவுண்டன்பட்டியில காலையில நாலரைக்கு எந்திரிச்சுப் பார்த்தீங்கன்னா தெரியும், தெருமுக்குல சோத்துத் தூக்கோட எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு. கம்பம்மெட்டு ஏறியோ குமுளி வழியாவோ மலைக்குப் போய் வேலை பார்த்துட்டு, இருட்டினப்புறம் எறங்கி வருவாங்க. அது அரசியலாம். ஊட்டி பேக்கிரவுண்டுல ஹீரோயினைச் சுத்தி ஓடுறது கலையாம். நல்லாயிருக்குய்யா உங்க நியாயம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பங்க்குங்கிறது லண்டன்ல இருந்து வந்தது, நம்ம பள்ளத்தாக்குக்கு ஒட்டாதுன்னு சொல்ற எல்லாருக்கும் என் பதில் இதுதான்: லண்டன்ல அது பொறக்கிறதுக்குப் பதினேழு வருஷம் முன்னாடியே நம்ம பக்கத்துல ஒரு பங்க் பேண்டு இருந்துச்சு. எங்க ஊர்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், பண்ணைப்புரம். பேண்டோட பேரு பாவலர் பிரதர்ஸ்.

"ஓ, இளையராஜா அண்ணன் ட்ரூப்பா"ன்னு இழுக்காதீங்க. அந்த இழுவையிலதான் எனக்குப் பிரச்சனையே. பாவலர் வரதராஜன்னு ஒரு மனுஷன் சொந்தமா எழுதி, மெட்டுக் கட்டி, ஆர்மோனியம் வாசிச்சு, கம்யூனிஸ்ட் கட்சி மேடையில தொண்டை கிழியப் பாடினார். தம்பிங்க பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் எல்லாரும் ஒவ்வொருத்தரா அந்தக் குழுவுக்குள்ள வந்தாங்க. அதுல ராசய்யா பின்னால இளையராஜா ஆனார், அமர்சிங் கங்கை அமரன் ஆனார். உடனே நாம என்ன பண்ணிட்டோம்? அந்தக் குழுவையே ஒரு டியூஷன் சென்டர் மாதிரி ஆக்கிட்டோம். "ராஜா சாருக்கு அங்கதான் பயிற்சி கிடைச்சது" - முடிஞ்சு போச்சு. அந்தப் பாட்டு யாருக்காகப் பாடினது, எதுக்காகப் பாடினதுங்கிறது யாருக்கும் வேண்டாம்.

இங்க லண்டன் கதையையும் கொஞ்சம் சொல்லணும். 1975 நவம்பர் 6. செயின்ட் மார்ட்டின்ஸ்ங்கிற ஆர்ட் காலேஜ்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் மொத தடவையா மேடை ஏறினாங்க. சில பாட்டு போறதுக்குள்ள பிளக்கைப் புடுங்கிட்டாங்க. ஆமா, அதுவும் காலேஜ்தான். அங்கயும் கரண்டு கட்டுதான். அடுத்த வருஷம் ரமோன்ஸோட மொத ஆல்பம் வந்துச்சு: 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரம் கூட இல்லை. பெரிய வித்துவானா இருக்கணும்னு அவசியம் இல்லை, மூணு கார்டு தெரிஞ்சா போதும், சொல்றதுக்கு ஒரு விஷயம் இருந்தா மேடை ஏறுங்கிறதுதான் அதோட சாரம். கையில இருக்கிறதை வச்சு, யார்கிட்டயும் அனுமதி கேக்காம, நம்மாளுங்களுக்காக நாமே பாடுறது.

இந்த இலக்கணத்தைத் தூக்கி 1950கள்ல கம்பம் பள்ளத்தாக்குல வச்சுப் பாருங்க. ஒடுக்கப்பட்ட சாதியில இருந்து வந்த அண்ணன் தம்பிங்க. முறையான சங்கீதப் படிப்பு கிடையாது. கையில ஒரு ஆர்மோனியம். கச்சேரி சபாவுல இல்லை, ஊர்ப் பொதுத் தெருவுல, கட்சிக் கூட்டத்துல. எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமா மெட்டை எடுத்து அதுல வேற வார்த்தையைப் போட்டா, கேக்கிறவனுக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம். வார்த்தை மட்டும்தான் புதுசு, அது நேரா மண்டைக்குள்ள போகும். என் அப்பத்தா சின்னப் புள்ளையா இருக்கும்போது அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குச் சாக்கு எடுத்துட்டுப் போய் உக்காந்து கேட்டிருக்கு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும், ஜனம் சிரிச்ச சத்தமும்தான் அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அரசியல் கூட்டத்துல ஜனம் சிரிச்சாங்க, கவனிங்க.

1958க்கு வருவோம். அதுக்கு முந்தின வருஷம்தான் கேரளாவுல இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருந்துச்சு. 126 பேர் இருந்த சபையில கட்சிக்குச் சொந்தமா 60 சீட்டுதான், சுயேச்சைகளைச் சேர்த்துத்தான் பெரும்பான்மை. ஒவ்வொரு சீட்டும் உசுரு. அந்த நேரம் பார்த்துத் தேவிகுளம் தொகுதியில ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சது செல்லாதுன்னு ஆகி இடைத்தேர்தல் வந்துச்சு. தேவிகுளம்னா என்ன? மூணாறு, தேயிலை, லயன் வீடு, அங்க வேலை பார்க்கிற தமிழ் ஜனம். மலையாளத்துல பேசினா அவங்ககிட்ட எடுபடாது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்து பாவலரைக் கூட்டிட்டுப் போனாங்க.

காங்கிரஸ் சின்னம் அப்ப இரட்டைக் காளை. பாவலர் அந்தக் காளைகளையே கிண்டல் பண்ணி ஒரு பாட்டுக் கட்டினார். எஸ்டேட் எஸ்டேட்டா அது பரவுச்சு. ரோசம்மா புன்னூஸ் திரும்ப ஜெயிச்சாங்க. வெற்றிக் கூட்டத்துல இ.எம்.எஸ். தனக்கு வந்த மாலை பாவலருக்குத்தான் சேரணும்னு சொன்னதா நம்ம பக்கம் இன்னிக்கும் சொல்வாங்க. உலகத்துல எந்தப் பங்க் பேண்டு ஒரு ஆட்சி நிக்கிறதுக்குத் தோள் கொடுத்திருக்கு, சொல்லுங்க பார்ப்போம். (எங்க ஊர்ல காந்திக்குக் கோயிலே இருக்கு, தியாகிகள் ஊரு. காளைப் பாட்டைக் கேட்டு இங்க எத்தனை பெருசுக பல்லைக் கடிச்சிருப்பாங்கன்னு நெனச்சா சிரிப்பு வருது.)

"இருந்தாலும் ஆர்மோனியம் வச்சுப் பாடினா பங்க்கா?"ன்னு ஒருத்தன் கேட்டான். இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். ஆல் இந்தியா ரேடியோ 1940ல ஆர்மோனியத்தைத் தடை பண்ணுச்சு, தெரியுமா? இந்திய ராகத்தோட நெளிவு சுளிவு அதுல வராது, வெளிநாட்டுப் பெட்டி, அது இதுன்னு காரணம். 1970கள் வரைக்கும் அந்தத் தடை நீடிச்சுது. அதாவது பாவலர் மேடை ஏறின காலம் பூரா, அவர் கையில இருந்தது அரசாங்க ரேடியோவுக்குள்ள நுழைய முடியாத வாத்தியம். 1977ல இங்கிலாந்து ராணியைக் கிண்டல் பண்ணின பாட்டை பி.பி.சி. தடை பண்ணினதைப் புரட்சி வரலாறுன்னு எழுதுறாங்க. ஒரு பாட்டுக்கு விழுந்த தடை அது. இங்க வாத்தியத்துக்கே தடை. தெருக்கூத்துக்காரனும் நாடகக்காரனும் கட்சிப் பாடகனும் அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சாங்க.

அந்தப் பெட்டியைத் தம்பிங்க தொட்டா அண்ணன்கிட்ட பிரம்படி விழும்னு ராஜாவே பல மேடையில சொல்லியிருக்கார். 14 வயசு வாக்குல குழுவுல சேர்ந்த ராஜா, ஆரம்பத்துல பொம்பளைக் குரல்ல பாடிக்கிட்டிருந்தார். குரல் உடைஞ்சப்புறம்தான் திருட்டுத்தனமா கத்துக்கிட்ட ஆர்மோனியம் கை கொடுத்துச்சு. குரல் போனா அடுத்ததைக் கையில எடு. பேண்டோட ஆரம்ப வருஷம்னா இதுதான்யா. (இன்னொரு வேடிக்கை: கம்யூனிஸ்ட் மேடையில வளர்ந்த ராஜா மொதமொதல்ல மெட்டுப் போட்டது, நேரு இறந்தப்ப கண்ணதாசன் எழுதின இரங்கல் பாட்டுக்கு.)

நான் பி.காம். படிக்கிறவன். அதனால கணக்கையும் பார்த்துடுவோம். செக்ஸ் பிஸ்டல்ஸை நடத்தின மால்கம் மெக்லாரன் லண்டன் கிங்ஸ் ரோட்ல துணிக்கடை வச்சிருந்தவர். அந்தப் பேண்டு ஈ.எம்.ஐ., ஏ அண்ட் எம், வெர்ஜின்னு சில மாசத்துக்குள்ள மூணு கம்பெனி மாறுச்சு. துரத்திவிட்ட கம்பெனியும் காசு கொடுத்துத்தான் துரத்துச்சு. கலகம் வரவுப் பக்கத்துல ஏறுச்சு. பாவலர் பிரதர்ஸ் பேலன்ஸ் ஷீட்டுல என்ன இருக்கு? கட்சி மேடையில பாடினதை ரெக்கார்டு போட்டு வித்தவன் யாருமில்லை. ராயல்டி கிடையாது. ஆர்மோனியப் பெட்டி ஒரு அசெட், அதுக்கும் தேய்மானம். மிச்சமெல்லாம் குட்வில். குட்வில்லை விலை கொடுத்து வாங்கினாத்தான் கணக்குல எழுதலாம், தானா சேர்ந்ததை எழுதக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. பாவலர் விஷயத்துல ஊரே அந்த விதியைக் கரெக்டா கடைப்பிடிச்சிருக்கு. 1976ல அன்னக்கிளி வந்து தம்பி பேரை நாடே சொல்றதுக்கு முன்னாடியே அண்ணன் போய்ச் சேர்ந்துட்டார்.

ஒரு ஆட்சேபணை மட்டும் நியாயமானது. எங்க கிடார்க்காரனே கேட்டான்: "பங்க்னா யாருக்கும் அடங்காதது. பாவலர் ஒரு கட்சிக்குல்ல பாடினார்? அது பிரச்சாரம்தான?" ஆமா, கட்சி மைக்ல கட்சியைத் திட்ட முடியாது. அந்தச் சுதந்திரம் அவருக்கு இல்லைதான். ஆனா மைக்குன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஓனர்னு ஒருத்தன் இருப்பான். பிஸ்டல்ஸுக்கு ரெக்கார்டு கம்பெனி, எங்களுக்குக் காலேஜு, பாவலருக்குக் கட்சி. அந்த மைக்ல யாரைப் பத்திப் பாடுற, கேக்கிறவன் யாருங்கிறதைத்தான் நான் பார்ப்பேன். 1978ல கிளாஷ் லண்டன் விக்டோரியா பார்க்குல இனவெறிக்கு எதிரா வாசிச்சதும் இயக்கக்காரங்க போட்ட மேடையிலதான். அதைப் பிரச்சாரம்னு எவனும் ஒதுக்கலையே.

கட்சியையும் மீறிப் போனவங்க கதை வேணும்னா அதுவும் அதே மலையிலேயே இருக்கு. 2015 செப்டம்பர்ல மூணாறுல போனஸை 20 சதவீதத்துல இருந்து பாதியாக் குறைச்சப்ப, ஆயிரக்கணக்கான தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் ரோட்டுல உக்காந்தாங்க. பேரு பெண்பிளை ஒருமை. கம்பெனியை மட்டுமில்லை, எல்லாக் கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்துல விடலை. அந்தத் தலைவர்களை நாறடிச்சு அவங்களே தமிழ்ல எட்டுக்கட்டிக் கோஷம் போட்டாங்க. 20 சதவீதத்தை வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. பாவலர் பாடின அதே தேவிகுளம் தொகுதி. அன்னிக்குப் பாட்டு வெளியில இருந்து போச்சு, 57 வருஷம் கழிச்சு லயன் வீட்டுக்குள்ள இருந்தே வந்துச்சு.

மெட்ராஸ்ல 2018 ஜனவரி 6ந்தேதி கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மொத மேடை ஏறினாங்க. பா.ரஞ்சித் முயற்சி, தென்மா இசை, 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில. பேரே அயோத்திதாசப் பண்டிதரோட சாதியில்லாத் தமிழர்ங்கிற கருத்துல இருந்து வந்தது. இட ஒதுக்கீட்டுக்கும் பாட்டு, மாட்டுக்கறிக்கும் பாட்டு. "தமிழ்ல மொத அரசியல் பேண்டு"ன்னு ஆளாளுக்குப் புல்லரிச்சு எழுதினாங்க. எனக்கும் அவங்களை ரொம்பப் பிடிக்கும், ஆனா அந்த "மொத"ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் பண்ணைப்புரம் பஸ்ல ஏத்தி விட்டுடலாமான்னு தோணுச்சு.

ராஜா 2022ல ராஜ்யசபா போனதை வச்சு அண்ணனையும் தம்பியையும் சேர்த்து எடை போடுறவங்களும் இருக்காங்க. அந்தச் சண்டைக்கு நான் வரலை. தம்பி எங்க போனார்ங்கிறதுக்கு 1958ல பாடின பாட்டு ஜாமீன் நிக்க முடியாது. அதே மாதிரி தம்பி மேதைங்கிறதால அண்ணன் பாட்டுக்குக் கூடுதல் மார்க்கும் வேண்டாம். அது பாடினப்பவே பாஸ்.

கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச ராத்திரி அந்த ஜீப் பாட்டை எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து முழுசாப் பாடினாங்க, மைக் இல்லாம. அம்மா வேலை முடிஞ்சு வந்து கால் நீட்டி உக்காந்து கேட்டுச்சு. ரெண்டாவது சரணத்துல கைய நீட்டி நிறுத்துச்சு. போச்சுடா, இங்கயும் தடையான்னு பார்த்தோம்.

"பதினாலு பேருன்னு பாடுற, தப்பு. இன்னிக்குப் பதினேழு. டிரைவர் பக்கத்துல நாலு பேரு. மாத்திப் பாடு."