கீழ்ப்படிதல் மனித இயல்பா?

மனிதன் இயல்பிலேயே கொடியவன், மேலிருந்து ஆணை வந்தால் எதையும் செய்வான் என்ற விளக்கம் ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் முன்வைக்கப்படுகிறது. ஆழ்ந்த தத்துவம்போல் ஒலிக்கும் இவ்வாதம், எல்லோரையும் குற்றவாளியாக்கி உண்மைக் குற்றவாளிகளைத் தப்பவிடுகிறது.

இதற்குச் சான்றாக, உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் தொடங்கிய சோதனைகளைக் காட்டுகின்றனர். தவறான விடை கூறுபவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு சாதாரண மனிதர்கள் பணிக்கப்பட்டனர். அதிர்ச்சி பொய்யானது என்பதை அவர்கள் அறியார். 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றனர். அதே மில்கிராமின் இன்னொரு சோதனையோ அதிகம் பேசப்படுவதில்லை. உடனிருந்த இருவர், முன்னேற்பாட்டின்படி, மறுத்து விலகியபோது 40 பேரில் 4 பேர் மட்டுமே இறுதிவரை கீழ்ப்படிந்தனர். மனித இயல்பு இடையில் மாறிவிடவில்லை. தனித்து நின்றவனுக்குத் துணை கிடைத்தது, அவ்வளவே.

இந்த உண்மையை இந்தியத் துணைக்கண்டம் அதற்கு முன்பே கண்டது. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில், நிராயுதபாணிகளான பட்டாணியர் மீது சுடுமாறு கார்வால் படைப்பிரிவுக்கு ஆணையிடப்பட்டது. ஹவில்தார் சந்திர சிங் கார்வாலியும் அவருடைய சக வீரர்களும் மறுத்தனர். இந்து வீரனின் துப்பாக்கி முஸ்லிம் மக்கள் மீது தயங்காமல் வெடிக்கும் என்ற ஏகாதிபத்தியக் கணக்கு பொய்த்தது. அன்று வேறு படையினர் சுட்டுப் பலரைக் கொன்றனர் என்பதும் வரலாறு. ஆயுள் தண்டனை பெற்ற கார்வாலி, விடுதலைக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார்.

சுதந்திர இந்தியாவில் நேர்ந்தது என்ன? 1987 மே 22 அன்று மீரட்டின் ஹாசிம்புராவிலிருந்து முஸ்லிம் ஆண்களை உத்தரப்பிரதேச ஆயுதக் காவல் படையான பி.ஏ.சி. லாரியில் ஏற்றிச் சென்றது. அவர்களில் ஏறத்தாழ 40 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, உடல்கள் கால்வாய்களில் வீசப்பட்டன. 2015இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டோரை விடுவித்தது. 31 ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் தில்லி உயர் நீதிமன்றம் 16 காவலர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் உயர் அதிகாரி ஒருவரும் இல்லை. துப்பாக்கியின் விசையை இழுத்த விரலோடு விசாரணை நின்றுவிட்டது.

கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் பிறவிக் குணமன்று. அது உற்பத்தி செய்யப்படுகிறது. தனிமையும் வகுப்புவாத வெறுப்பும், தண்டனை வராது என்ற துணிவுமே அதன் மூலப்பொருட்கள். காவலர்கள் சங்கம் சேரும் உரிமையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கி வைத்திருப்பது தற்செயலன்று. அவ்வுரிமை மட்டும் போதாது. படைகளின் ஆட்சேர்ப்பிலும் பயிற்சியிலும் வகுப்புவாத நஞ்சு களையப்பட வேண்டும். ஆணையிட்டவரும் அறிந்தே அனுமதித்தவரும் கூண்டில் நிற்க வேண்டும்.

மனசாட்சி தனியாக நிற்கும்போது நசுக்கப்படுகிறது. அதற்குத் துணையாக மக்களைத் திரட்டுவதே இயக்கத்தின் கடமை.