ஆனைமலைக்கு அயற்பெயர் எதற்கு?

பொள்ளாச்சியினின்று சேத்துமடை வழியாக ஆனைமலைக் காட்டிற்கு ஏறிச் செல்வோர் இறங்குமிடத்தின் பெயர் 'டாப்சிலிப்'. அங்கு வண்டியேறிக் காடு காண்பதன் பெயர் 'சஃபாரி'. மண் தமிழ்மண், காண வருவோருள் மிகப் பலர் தமிழர். ஆயினும் இடப்பெயரும் தமிழன்று, செயற்பெயரும் தமிழன்று. இதனைச் சிறு குறையென்று கடந்து செல்வார் பலர். பெயரை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு இம்மலையே சான்றாக நிற்றலின், இது சிறு குறையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலைத் தேக்குகளை வெட்டி வீழ்த்தி, மேட்டிலிருந்து சரிவில் உருட்டிச் சமவெளிக்கு இறக்கினர். பம்பாயில் கப்பல் கட்டவும் பிற பணிகளுக்கும் அம்மரங்கள் சென்றன. மரம் சறுக்கிய மேட்டிற்கு அவர்கள் இட்ட பெயரே 'டாப்சிலிப்'. அது காட்டின் பெயரன்று. காடு கொள்ளை போன வழியின் பெயர். சுவரில் கன்னமிட்ட ஓட்டைக்குக் கள்வன் வைத்த பெயரை வீட்டு வாயிலில் எழுதி வைப்பார் உளரோ? தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா எழுத்தைத் தலையில் தாங்கிய அச்சொல்லை, வெள்ளையர் வெளியேறிய 1947-க்குப் பின்னும் தமிழர் சுமந்து திரிகின்றனர். அழிந்த தேக்குக் காட்டை மீட்கப் பாடுபட்டு, இம்மலையிலேயே அடக்கமாகியிருக்கும் இயூகோ உட்டு என்னும் ஆங்கிலேயக் காட்டலுவலரின் தொண்டு நன்றிக்குரியது. அவர் தொண்டைப் போற்றுவதற்கு, அவருக்கு முன்னோர் செய்த கொள்ளையின் பெயரைப் போற்ற வேண்டுவதில்லை.

அயற்பெயர் அதனோடும் நிற்கவில்லை. ஆனைமலை என்னும் பழம்பெயர் இருக்கவே, இக்காட்டுப் புகலிடத்திற்கும் தேசியப் பூங்காவிற்கும் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பெற்றது. 2007-இல் புலிகள் காப்பகமான பின்னரே மலையின் பெயர் மலைக்குத் திரும்பிற்று. சங்க நூல் கூறும் உம்பற்காடு இதுவே என்பர் ஆய்வாளர் பலர். உம்பல் என்பது யானை. ஈராயிரம் ஆண்டுகளாக யானையால் பெயர் பெற்ற மலைக்கு, தில்லியிலிருந்தா பெயர் வரவேண்டும்?

"பெயரை மாற்றினால் புலி பெருகுமோ?" என்று நகைப்பார் உளர். அவர்கள் அவ்வண்டியிலேறிச் சற்றே நோக்கட்டும். புல்வெளியோரம் கருத்துத் திரண்டு நிற்கும் விலங்கைக் 'காட்டெருமை' என்பர். ஆங்கிலம் பயின்றோர் 'பைசன்' என்பர். இரண்டும் பிழை. அஃது எருமையும் அன்று, அமெரிக்கப் பைசனும் அன்று, ஆவின் இனத்தது. அதனை 'ஆமா' என்றனர் பண்டைத் தமிழர். இன்றைய விலங்கியல் கண்ட இனத்தொடர்பு அப்பெயரிலேயே உள்ளது. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துச் 'சிங்கவால் குரங்கு' என்கின்றனர். சோலைமந்தி என்னும் தமிழ்ப்பெயரோ அதன் வாழ்விடத்தைக் கூறுகிறது. சோலை அழியின் மந்தியும் அழியும் என்னும் உண்மையையும் உடன் கூறுகிறது. வரையாட்டிற்கு இமயமலை விலங்கின் பெயராகிய 'தார்' என்பதை ஆங்கிலேயர் சேர்த்து வழங்கினர். அவ்விரண்டும் வேறுவேறு என்றும், வரையாடு செம்மறி இனத்திற்கு நெருங்கியது என்றும் 2005-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. வரையில் வாழும் ஆடு என்ற தமிழனின் சொல்லில் திருத்துதற்கு ஏதுமில்லை. பெயர் தெரிந்தவனுக்கே அவ்வுயிரின் வாழ்வும் தெரியும். வாழ்வு தெரிந்தவனே அதனைக் காப்பான்.

'சஃபாரி' என்பது சுவாகிலி மொழியில் செலவு என்னும் பொருளது. ஆப்பிரிக்க மக்கள் தம் செலவிற்கு இட்ட அப்பெயரில் குற்றமில்லை. அதனை எடுத்துத் துப்பாக்கியோடு பிணைத்து வேட்டைப் பெயராக்கியவர் ஐரோப்பியர். வேட்டை ஒழிந்தும் வேட்டையாளன் போக்கு ஒழியவில்லை. புலியைக் கண்டால் வெற்றி, காணாவிடின் காசு வீண் என்னும் எண்ணமும், வண்டிக்குள் கூச்சலும், விலங்கை நோக்கிய சீழ்க்கையும் அப்போக்கின் எச்சங்களே. கானுலா என்னும் சொல் தமிழில் உளது. உலாவுவோன் வேட்டையாடுவதில்லை, விரைவதுமில்லை.

ஆனைமலையின் பெருஞ்செல்வம் அதன் அமைதி. அவ்வமைதி ஓசையின்மையன்று. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் கண்டு, அவ்வோசைகளை ஒவ்வொன்றாக எண்ணி உரைத்த நூலுக்கு மலைபடுகடாம் என்றே பெயரிட்ட இனம் தமிழினம். மாந்தர் செவிக்கெட்டாத தாழொலியால் யானைகள் தொலைவிலிருந்தே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை இன்றைய அறிவியல் கண்டுள்ளது. இருவாட்சிப் பெண்பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்பறவை கொணரும் இரையே அதற்கும் குஞ்சுக்கும் உயிர். கூச்சலுக்கு அஞ்சி ஆண்பறவை அகன்றால் உள்ளிருக்கும் உயிர்கள் பசித்துக் கிடக்கும். ஒரு வண்டியின் கூச்சல் ஒரு கூட்டின் சாவாகலாம்.

இவ்வமைதியை நெடுங்காலம் காத்தவர் காடரும் மலசரும் முதுவரும் புலையருமே. யானையைப் பழக்கும் மலசர்க்கும், தேனெடுக்கும் காடர்க்கும் தெரிந்த காட்டினை எந்த அலுவலகமும் அறியாது. இத்தகைய மக்களுக்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியை 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டத்தின் முன்னுரையே ஒப்புக்கொள்கிறது. மலையைப் பறித்தவன் முதலில் மலைமக்களின் சொல்லைப் பறித்தான். சொல்லிழந்தவர் உரிமையைப் பின்னர்ப் பறித்தல் எளிதாயிற்று.

அரசு செய்ய வேண்டுவன அரியன அல்ல. காட்டுத்துறைப் பதிவேட்டில் இச்சரகத்தின் பெயராக 'உலாந்தி' இன்றும் உள்ளது. அப்பெயர் பலகைக்கு வரட்டும். விலங்கு, புள், மரம் ஒவ்வொன்றும் தமிழ்ப்பெயராலும் மலைமக்கள் வழங்கும் பெயராலும் குறிக்கப்படட்டும். காடு காட்டுவோர் அக்காட்டின் மக்களாகவே இருக்கட்டும். அவர்தம் உரிமை ஏட்டிலன்றி நிலத்தில் நிலைபெறட்டும். காண வருவோர் வாயடக்கிச் செவி திறக்கட்டும்.

பெயரைக் காவாத இனம் மலையைக் காவாது. ஆனைமலையைத் தமிழால் அழைத்து, அமைதியால் வணங்கி, அதன் மக்களோடு காத்தல் தமிழர் கடன்!