டாங்கிக்கு மட்டும்தானாம்!

"டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிதானே? ஜனங்களுக்கு என்ன ஆபத்து?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

இந்த ரக வெடிகள் பெரும்பாலும் 100 முதல் 300 கிலோ எடை அழுத்தினால் வெடிக்கும். நாமக்கல்லில் பாடி கட்டிய பத்துச் சக்கர லாரி லோடோடு 25 டன்னைத் தாண்டும். வயலுக்குள்ளேயே இறங்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் சளைத்ததல்ல. டிராக்டரே இரண்டு டன். மண்ணுக்குள் இருக்கும் தகட்டுக்கு டாங்கி எது, நெல் லோடு எது என்று தெரியுமா? எடை மட்டும்தான் தெரியும்.

1940ல் ஹிட்லர் படை இறங்கிவிடும் என்று பயந்து, பிரிட்டன் தன் கடற்கரையிலேயே 'பி டைப் சி' வெடிகளைப் புதைத்தது. டாங்கிக்கென்று செய்ததுதான்... ஆள் மிதித்தாலும் வெடித்தது. அவசரத்தில் போட்ட வரைபடங்கள் அரைகுறை. அலை மணலை நகர்த்த, வெடியும் கூடவே நகர்ந்தது. ஜெர்மன் படை வரவேயில்லை. வெடியை எடுக்கப் போன பிரிட்டிஷ் வீரர்கள்தான் செத்தார்கள். நார்ஃபோக்கில் டிரிமிங்ஹாம் கடற்கரையைத் திறந்துவிட 1972 ஆகிவிட்டது!

இந்தியாவிலும் அதே கதைதான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்ததும் 'ஆபரேஷன் பராக்ரம்'. பஞ்சாப், ராஜஸ்தான் எல்லை வயல்களில் ஆள் வெடி, டாங்கி வெடி இரண்டும் புதைக்கப்பட்டன. போர் நடக்கவில்லை. ஆனாலும் வீரர்கள் செத்தார்கள், விவசாயிகள் கால் இழந்தார்கள், நிலம் தரிசாகக் கிடந்தது.

1997 ஒட்டாவா ஒப்பந்தம் ஆள் எதிர்ப்பு வெடியை மட்டும் தடை செய்தது. டாங்கி வெடியைத் தொடவில்லை. இந்தியா அந்த ஒப்பந்தத்திலேயே சேரவில்லை.

"எல்லையைக் காக்க வேண்டாமா?" என்பார்கள். காக்கட்டும். குறித்த காலம் முடிந்ததும் தானே செயலிழக்கும் 'விபவ்' என்ற டாங்கி வெடியை டி.ஆர்.டி.ஓ.வே செய்துவிட்டதே! முடியாத காரியமில்லை என்று ஆன பிறகு, அந்த வசதி இல்லாத வெடியைப் புதைக்கவே கூடாது என்று சட்டம் போட என்ன தயக்கம்?

செலவா? 1990களில் ஐ.நா. சொன்ன கணக்குப்படி ஒரு கண்ணிவெடியின் விலை 3 முதல் 30 டாலர். அதை எடுக்க 300 முதல் 1000 டாலர். வாங்கிய விலையை மட்டும் எழுதி, வரப்போகும் செலவை மறைத்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? இங்கே மட்டும் அந்தப் பாக்கி, புதைத்தவர் தலையில் விழுவதில்லை. என்றோ ஒருநாள் அந்த வயலில் இறங்கும் டிராக்டர் டிரைவர் தலையில்தான் விழுகிறது.